ஒரு நேரத்தில் ஒரு குணம்: மூன்று முதல் ஆறு வயதுக்கான புலன்பயிற்சி, முழுமையான வழிகாட்டி

பொம்மைக் கடையில் "புலன் வளர்ச்சி" என்று அட்டையில் அச்சிட்டு விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் மினுங்கும், பாடும், அதிரும். குழந்தைக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் நிறம், ஒலி, வடிவம், எடை எல்லாம் ஒன்றாக மாறும்போது எது எதனால் வேறுபட்டது என்று பிரித்தறிய அதற்கு வழியே இல்லை. புலன்பயிற்சியில் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். மற்ற எல்லாவற்றையும் ஒன்றுபோல வைத்துவிட்டு ஒரே ஒரு குணத்தை மட்டும் மாற்றிக் காட்ட வேண்டும். கீழே வரும் அத்தனை பயிற்சிகளுக்கும் இந்த ஒரு விதிதான் அடிப்படை. வீட்டில் செய்த பொருள் சொதப்பினால், பத்தில் ஒன்பது முறை இந்த விதி எங்கோ உடைந்திருக்கும்.

முறையின் வேர் பிரான்சில் இருக்கிறது. 1800-ல் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்ட, காட்டில் தனியே வளர்ந்த விக்டர் என்ற சிறுவனுக்குப் பேச்சு கற்பிக்க முயன்ற மருத்துவர் இட்டார், பாடத்தைப் புலன்களிலிருந்து தொடங்கினார். அவருடைய மாணவர் செகன் அதை அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான முறையாக விரித்தார். இருவர் எழுதியதையும் படித்து, பொருள்களைத் திருத்தி, எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக்கியவர் மரியா மாண்டிசோரி. 1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் திறந்தது. 1939-ல் அடையாறு பிரம்மஞான சபையில் பயிற்சி வகுப்பு நடத்த வந்தவர், போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. சில காலம் கொடைக்கானலிலும் இருந்தார். இன்று அவர் பெயரைப் பள்ளிப் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆகவே பலகையைப் பார்த்து ஏமாறாமல், உள்ளே பொருள்கள் இருக்கின்றனவா, அவை குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் கழித்துவிடலாம்

"இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள்" என்று பிள்ளைகளுக்கு முத்திரை குத்தும் பழக்கம் பள்ளிகளில் பரவலாக இருக்கிறது. 2008-ல் ஹெரால்டு பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் இதற்கான ஆய்வுகளைத் தேடித் தொகுத்துப் பார்த்தார்கள். பிள்ளையின் "பாணிக்கு" ஏற்றபடி கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே முடிவு சொன்னார்கள். எந்தப் புலன் வழியாகக் கற்பிப்பது என்பதைப் பாடம்தான் தீர்மானிக்கும். ழகரத்தைக் காதால்தான் பிடிக்க முடியும், துணியின் நயத்தை விரலால்தான். பிள்ளையைப் பார்த்துப் புலனைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

காட்டும் முறை

பொருளைவிட அதைக் காட்டும் முறை முக்கியம் என்பதால் இதை முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

தரையில் ஒரு சிறு பாயை விரித்து, குழந்தையின் எழுதும் கைப்பக்கம் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் குழந்தைக்கு எல்லாம் இடவலம் மாறித் தெரியும். பேசாமல் செய்து காட்டுங்கள். கையும் வாயும் சேர்ந்து ஓடினால் குழந்தையின் கண் உங்கள் முகத்துக்குப் போய்விடும். ஒருமுறை மெதுவாகச் செய்து முடித்ததும் பொருளைக் கலைத்து அதன் முன் வையுங்கள். பிறகு தலையிடாதீர்கள்.

பெயர் சொல்வது இதற்கெல்லாம் பிறகு. பொருளைக் கை நன்றாக அறிந்த பின்தான், அதுவும் செகன் வகுத்த மூன்று படிகளில். சொரசொரப்பு, வழுவழுப்பு என்ற இரு சொற்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் படி, பெயரைச் சேர்த்தல். ஒன்றைத் தொடவிட்டு "இது சொரசொரப்பு", மற்றதைத் தொடவிட்டு "இது வழுவழுப்பு". அவ்வளவுதான். "பாத்தியா கண்ணு, இது எவ்ளோ சொரசொரன்னு இருக்கு, நம்ம பலாப்பழம் மாதிரி" என்று நீட்டினால் எந்தச் சொல் பாடம் என்று குழந்தைக்குத் தெரியாமல் போகும்.

இரண்டாம் படி, அடையாளம் காணுதல். "சொரசொரப்பானதைத் தொடு", "வழுவழுப்பானதை என் கையில் கொடு", "சொரசொரப்பானதைப் பாய் ஓரத்தில் வை". நேரம் அதிகம் செலவாக வேண்டிய படி இதுதான்; ஏழெட்டு முறையாவது கேளுங்கள். இடத்தை மாற்றி மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் குழந்தை குணத்தை விட்டுவிட்டு "இடப்பக்கம் இருப்பது" என்று இடத்தை மனப்பாடம் செய்துகொள்ளும்.

மூன்றாம் படி, "இது என்ன?". இரண்டாம் படியில் ஒரு தடுமாற்றமும் இல்லாத நாளில் மட்டும் இதைக் கேளுங்கள். பெரியவர்கள் எல்லோரும் முதல் படியிலிருந்து நேரே இங்கே தாவுகிறார்கள். சொல்லைப் புரிந்துகொள்வது முன்னால் வரும், சொல்லைத் தானே எடுப்பது பின்னால் வரும். நடுப்படியைத் தாண்டினால் குழந்தை ஊகிக்கும், பிறகு விலகிப் போகும்.

தவறு செய்தால் "தப்பு" என்று சொல்லாமல் அன்றைக்குப் பொருளை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து முதல் படியிலிருந்து தொடங்குங்கள். ஒரு அமர்வுக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும். குழந்தை தானாக அரை மணி நேரம் நீட்டித்தால் அதைக் கலைக்காதீர்கள். சாப்பாடு ஐந்து நிமிடம் ஆறினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

பார்வை: அளவும் நிறமும்

மாண்டிசோரி அறையின் அடையாளமே ஒரே நிறத்தில் பத்துக் கனசதுரங்கள். சிறியது 1 செ.மீ., பெரியது 10 செ.மீ., ஒவ்வொன்றும் 1 செ.மீ. கூடும். தச்சரிடம் செய்யச் சொல்வதானால் இரண்டை வலியுறுத்துங்கள்: எல்லாம் ஒரே மரம், ஒரே வர்ணம். பத்துக்கும் சேர்த்து மரத்தின் கனஅளவு 3,025 கன செ.மீ. வரும். ஆகவே செலவு கொஞ்சம் ஆகும். அட்டையில் மடித்துச் செய்தால் கண்ணுக்கு வேலை நடக்கும், ஆனால் பெரியது கனமாக இருப்பது கைக்குத் தெரியாது.

குழந்தை தவறுவது எப்போதும் பெரிய துண்டுகளில்தான். கவனக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். 1-க்கும் 2-க்கும் இடையே இரு மடங்கு வேறுபாடு. 9-க்கும் 10-க்கும் இடையே ஒன்பதில் ஒரு பங்குதான். நம் புலன்கள் வேறுபாட்டை அளப்பது விகிதத்தில் என்பதை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் வேபர் கண்டுபிடித்தார். ஆகவே முதல் வாரம் 10, 8, 6, 4, 2 ஆகிய ஐந்தை மட்டும் கொடுங்கள். ஐந்தும் தடையில்லாமல் அடுக்கப்பட்ட பிறகு இடையிலுள்ளவற்றைச் சேருங்கள். 1 செ.மீ. கனசதுரமும் 2 செ.மீ. கனசதுரமும் தொண்டையில் அடைக்கும் அளவு. மூன்று வயது ஆகாத பிள்ளை வீட்டில் இருந்தால் அவை இரண்டையும் தனியே பூட்டி வைக்க வேண்டும்.

தச்சர் வேண்டாம் என்றால், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர் சம்படங்கள் பல வீடுகளில் பரணில் கிடக்கும். மூடியை எடுத்துவிட்டுக் கொடுங்கள். கனசதுரத்தைவிட இதில் ஒரு வசதி: வரிசை தவறினால் கடைசிச் சம்படம் உள்ளே போகாது. தவற்றைப் பொருளே சொல்லிவிடும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. படி, உரி, உழக்கு, ஆழாக்கு இன்னும் இருக்கும் வீடாக இருந்தால் அது புதையல். ஒன்று மற்றதன் பாதி என்பதால், அரிசியை ஊற்றி ஊற்றியே பின்னாளைய பின்னக் கணக்குக்குக் கை தயாராகிவிடும்.

நிறத்துக்குப் பெயிண்ட் கடையின் ஷேட் கார்டு போதும். இரண்டு பிரதி வாங்கி 4 செ.மீ. × 6 செ.மீ. துண்டுகளாக வெட்டி, அச்சிட்ட பெயர் தெரியாமல் ஒரே தடிமன் அட்டையில் ஒட்டுங்கள். முதலில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று சோடி. அடுத்து பதினொரு சோடி. கடைசியாக ஒரே நிறத்தின் ஏழு சாயல்கள், அடர்த்தியிலிருந்து வெளிறியது வரை வரிசையாக. இதைப் பகல் வெளிச்சத்தில், சன்னல் பக்கம் செய்யுங்கள். மஞ்சள் பல்பின் கீழே வெளிர்நீலமும் வெளிர்பச்சையும் குழம்பும். வேறு எதிலும் தடுமாறாத பிள்ளை சிவப்பையும் பச்சையையும் மட்டும் திரும்பத் திரும்ப மாற்றி வைத்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். நிறக்குருடு பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம்தான் அதிகம்.

தொடுதல்: உப்புத்தாளும் துணிப்பையும்

ஹார்டுவேர் கடையில் 80, 120, 180, 240, 400 ஆகிய ஐந்து எண்களில் உப்புத்தாள் வாங்குங்கள். எண் கூடக்கூட நயம் கூடும். எல்லாம் ஒரே நிறமாக இருப்பது நல்லது. கிடைக்காவிட்டால் பயிற்சியின்போது கண்ணைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் குழந்தை நிறத்தை வைத்தே சோடி சேர்த்துவிடும். ஒவ்வொரு எண்ணிலும் 8 × 10 செ.மீ. அளவில் இரண்டு துண்டு வெட்டி அட்டையில் ஃபெவிகால் தடவி ஒட்டி, மேலே கனமான புத்தகம் வைத்து ஓர் இரவு விடுங்கள். காகிதம் ஓரத்தில் தூக்கினால் விரல் அதைத்தான் உணரும்.

பயிற்சிக்கு முன் குழந்தையின் விரல்களை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடையுங்கள். இதை மாண்டிசோரி அறைகளில் விடாமல் செய்வார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் போனாலே பாதி வேலை முடிந்தது. விரலை வைத்து அழுத்த வேண்டாம். இறகு படுவதுபோல, மேலிருந்து கீழாக, ஒரே திசையில் நகர்த்த வேண்டும். நகர்த்தல் இங்கே முக்கியம்: 240, 400 போன்ற நுண்மணல் பரப்புகளின் வேறுபாடு அசையாத விரலுக்குத் தெரியாது, பரப்பில் ஓடும்போது தோலில் எழும் அதிர்விலிருந்துதான் தெரியும். அழுத்தித் தேய்த்தால் 80-ம் எண் தாள் தோலைக் கீறும். எரிச்சல் வந்த விரல் அன்று முழுக்க எதையும் உணராது. ஒரு அமர்வில் ஒவ்வொரு துண்டையும் நான்கைந்து முறைக்கு மேல் தொட விடாதீர்கள்.

சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. இரட்டைக்கிளவியில் ஒரு பெரும் பங்கு விரலுக்கும் நாக்குக்கும் உரியது: சொரசொர, வழவழ, பிசுபிசு, கொழகொழ, நெறுநெறு, மொறுமொறு. புத்தகச் சொல்லான "மென்மை"யைத் திணிப்பதற்கு முன் இவற்றைக் கொடுங்கள்.

அடுத்தது துணிப்பை. 25 × 30 செ.மீ. அளவில், வாயில் நாடா போட்ட, உள்ளே தெரியாத தடித்த துணிப் பை. அதில் வீட்டுப் பொருள்கள் எட்டு: சாவி, கரண்டி, சோழி, பம்பரம், துணி கிளிப், சீப்பு, மூடி, நூல்கண்டு. அதே எட்டின் இன்னொரு பிரதி பாயில். குழந்தை பாயில் ஒன்றைப் பார்த்துவிட்டுப் பைக்குள் கைவிட்டு அதன் சோடியை எடுக்க வேண்டும். பார்க்க எளிய விளையாட்டு, ஆனால் கண் அறிந்ததைக் கை அறிந்ததோடு இணைப்பது பிறவியிலேயே முழுமையாக வந்துவிடும் திறன் அல்ல. பிறவியிலிருந்தே பார்வையற்ற ஒருவருக்குப் பார்வை வந்தால், தொட்டு அறிந்த உருண்டையையும் கனசதுரத்தையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா என்று 1688-ல் அயர்லாந்தின் வில்லியம் மாலினோ தத்துவ அறிஞர் லாக்கிடம் கேட்டார். விடைக்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இந்தியாவில் அறுவை சிகிச்சைக்குப் பின் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐந்து பேரைப் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டக் குழு சோதித்தது. முடிவு 2011-ல் வெளியானது. தொட்டதைத் தொட்டதோடும், பார்த்ததைப் பார்த்ததோடும் அவர்கள் நன்றாகவே பொருத்தினார்கள். தொட்டதைப் பார்த்ததோடு பொருத்தச் சொன்னபோது கிட்டத்தட்ட ஊகம்தான். ஆனால் அதன்பின் சில நாள்களிலேயே அந்த இணைப்பு வந்துவிட்டது. துணிப்பை செய்வதும் இந்த இணைப்பைத்தான்.

எடையும் வெப்பமும்

எடைக்குத் தீப்பெட்டி அருமையான உறை. ஒரே நிறுவனத்தின் காலிப் பெட்டிகள் ஆறு எடுத்து, உள்ளே மணலும் பஞ்சும் அடைத்து, மொத்தம் 12, 18, 24 கிராம் வருமாறு இரண்டிரண்டாகச் செய்யுங்கள். மணல் மட்டும் போட்டால் குலுங்கும் ஒலி விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும், அதற்குத்தான் பஞ்சு. அளவு வேறான பெட்டிகளைக் கலக்கவே கூடாது. ஒரே எடையுள்ள இரண்டில் பெரிய பெட்டி லேசாகத் தோன்றும், அது பெரியவர்களையும் ஏமாற்றும் மாயை.

வெப்ப உணர்வுக்கு எவர்சில்வர் தட்டு, கருங்கல் அல்லது தரை ஓடு, மரப்பலகை, கம்பளித் துணி ஆகிய நான்கும் ஒரே அறையில் ஒரு மணி நேரம் கிடந்தால் போதும். வெப்பமானியில் நான்கும் ஒன்றுதான், ஆனால் உலோகம் கைச்சூட்டை வேகமாக இழுப்பதால் குளிர்ச்சியாகத் தெரியும். இங்கே நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. விரலின் வெப்பம் ஏறக்குறைய 32 முதல் 34 டிகிரி. சித்திரை மாதத்து மதியத்தில் அறையே 35 டிகிரியைத் தாண்டினால் தட்டு குளிர்ச்சியாக இராது, சற்றுச் சூடாகவே இருக்கும், பயிற்சி தலைகீழாகிவிடும். விடிகாலையில் செய்யுங்கள், அல்லது மார்கழிக்குத் தள்ளிப்போடுங்கள்.

கேட்டல்: டப்பியிலிருந்து ழகரம் வரை

ஒளி ஊடுருவாத ஒரே மாதிரியான மாத்திரை டப்பிகள் பன்னிரண்டு வேண்டும். கூழாங்கல், கொண்டைக்கடலை, துவரம்பருப்பு, அரிசி, கடுகு, ரவை என ஆறு சரக்கு, ஒவ்வொன்றும் இரண்டு டப்பியில், டப்பியின் நாலில் ஒரு பங்கு. உப்பு வேண்டாம், ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். மாவு சுவரில் ஒட்டும். ரவையையும் பருப்பையும் வெறும் சட்டியில் வறுத்து ஆறவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் வண்டு வைத்து ஒலி மாறிவிடும். மூடியைப் பசை போட்டு அடைத்துவிடுங்கள். கடலை மூக்குக்குள் போகும் பொருள். சோடிகளின் அடியில் ஒரே நிறப் பொட்டு வைத்தால், குழந்தை தானே திருப்பிப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளும்.

மூன்று சோடியில் தொடங்குங்கள்: கூழாங்கல், அரிசி, ரவை. டப்பியை விரல் நுனியால் பிடித்துக் காதருகே ஆட்ட வேண்டும். உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் ஒலி மழுங்கும். கல் டப்பி கனமாக இருப்பதால் குழந்தை கேட்காமலே கையால் கண்டுபிடிக்கும். அப்படித் தெரிந்தால் டப்பியை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னாலிருந்து ஆட்டுங்கள்.

தமிழ்க் குழந்தைக்கு இதைவிட முக்கியமான காதுப்பயிற்சி எழுத்தொலிகள். பிறந்த குழந்தைக்கு உலக மொழிகளின் ஒலிகள் பெரும்பாலும் பிரிந்து கேட்கும். தன் மொழிக்கு வேண்டாதவற்றை ஓராண்டுக்குள் காது உதறிவிடும். கனடாவில் ஜானெட் வெர்க்கரும் டீஸும் 1984-ல் காட்டியது இது. இந்தியின் நுனிநா தகரத்துக்கும் வளைநா டகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறெட்டு மாதத்தில் பிடித்தன. பத்துப் பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலானவை தவறவிட்டன. ழ, ள வேறுபாடு வீட்டுப் பேச்சிலேயே இல்லாத பகுதிகளில் குழந்தைக்கு அது கேட்காமல் போவதில் வியப்பில்லை. சோம்பல் என்று திட்டிப் பயனில்லை, காதுக்குத் தீனி கொடுக்க வேண்டும்.

படிகள் இப்படி: படமாக வரையக்கூடிய சோடிகளை எடுங்கள். வால், வாள். தலை, தழை. மனம், மணம் வேண்டாம், இரண்டையும் வரைய முடியாது. இரண்டு படத்தைப் பாயில் வைத்து, வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்லுங்கள். குழந்தை படத்தைத் தொடட்டும். உதட்டையும் நாக்கையும் பார்க்கவிட்டால் கண் முந்திக்கொள்ளும். இருபது முறையில் பதினெட்டு சரியான பிறகு வாயைத் திறந்து காட்டுங்கள்: லகரத்துக்கு நாக்கு நுனி மேல்பல் அடியைத் தொடும், ளகரத்துக்கு மடங்கி மேலண்ணத்தைத் தொடும், ழகரத்துக்கு மடங்கி அருகே போகும், ஆனால் தொடாது. கேட்கத் தெரியாத ஒலியைச் சொல்லவைக்க முயல்வதுதான் இங்கே எல்லோரும் செய்யும் பிழை. ர, ற வேறுபாட்டைப் பெரும்பாலான ஊர்ப் பேச்சில் யாரும் காட்டுவதில்லை. அதைக் காதில் தேடாமல் எழுத்துப் பாடத்துக்கு விட்டுவிடுங்கள்.

தொட்டு எழுதும் எழுத்து

இது புலன்பயிற்சியின் அறுவடை. நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் எழுத்துப் பழகினார்கள். 1789 முதல் எழும்பூர் ஆண் அநாதை விடுதியை நடத்திய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், சென்னையில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் விடுதியில் புகுத்தினார். ஊர் திரும்பி 1797-ல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது "மதராஸ் முறை" என்றே வழங்கியது. தொடுதல் வெறும் வழக்கமாக நின்றுவிடவில்லை: பார்த்து, கேட்டு மட்டும் எழுத்துப் பழகிய ஐந்து வயதுப் பிள்ளைகளைவிட, புடைத்த எழுத்தை விரலால் தடவியும் பழகியவர்கள் படிப்பதில் கூடுதலாக முன்னேறியதை 2004-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

செய்முறை. எழுத்தின் உயரம் 8 முதல் 10 செ.மீ., கோட்டின் அகலம் 7 மி.மீ. 120-ம் எண் உப்புத்தாளின் பின்புறத்தில் வரைந்து வெட்டுவீர்கள். அப்படி வரையும்போது கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி வரைய வேண்டும். இதை மறந்து முப்பது எழுத்தையும் வெட்டித் தூக்கிப்போட்டவர்கள் நிறைய. வழவழப்பான தடித்த அட்டையில் ஒட்டுங்கள். அட்டையும் சொரசொரப்பாக இருந்தால் எழுத்தின் விளிம்பு விரலுக்குத் தெரியாது. உயிருக்கு ஒரு நிற அட்டை, மெய்க்கு வேறு நிறம். தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் பொட்டு.

அகர வரிசையில் தொடங்காதீர்கள். அ, இ போன்றவை சுழியும் வளைவும் நிறைந்தவை. நேர்க்கோட்டு எழுத்துகளான ட, ப, ம, ய முதலில். அடுத்து ர, க, த. பிறகு அ, உ, எ. சுழி மிகுந்த இ, ண, ஐ கடைசியில். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து, அதுவும் உருவம் ஒட்டாதவை. ன, ண இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் இரண்டும் போய்விடும்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, எழுதும் திசையிலேயே இரண்டு முறை தடவிக் காட்டி, ஒலியை மட்டும் சொல்லுங்கள்: "ட". "டானா" என்று பெயர் சொன்னால் பின்னால் "படம்" என்று கூட்டிப் படிக்கும்போது அந்த "னா" வந்து குறுக்கே நிற்கும். பிறகு மூன்று படிகள், மேலே சொன்னபடி. எழுத்து விரலில் படிந்ததும் மணல் தட்டுக்குப் போகலாம்: 30 × 20 செ.மீ. தட்டு, அடிப்பரப்பு கருமை, சலித்த மணல் அரை செ.மீ. உயரம். அதற்கு மேல் போனால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும். அரிசியில் எழுதுவது விஜயதசமிக்கு நன்று, தினப் பயிற்சிக்கு மணிகள் பெரியவை. கோடு துல்லியமாக விழாது.

முகர்தலும் சுவைத்தலும்

சுருக்கமாகச் சொல்லலாம். மூடியில் துளையிட்ட எட்டுச் சிறு டப்பிகளில் காப்பித்தூள், ஏலக்காய், பட்டை, வெட்டிவேர் ஆகியவற்றை இரண்டிரண்டாக வைத்து, மேலே மெல்லிய பஞ்சு போட்டு மறையுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு வினாடி முகர்ந்து, கால் நிமிடம் இடைவெளி. மூக்கு விரைவில் பழகிவிடும் என்பதால் ஒரே மூச்சில் எட்டையும் முகர்ந்தால் ஐந்தாவதுக்குப் பிறகு எதுவும் தெரியாது. வாரம் ஒருமுறை சரக்கை மாற்றுங்கள். சளி பிடித்த நாளில் வேண்டாம். மிளகாய்த்தூள், மிளகுத்தூள் வேண்டவே வேண்டாம். பூசைக் கற்பூரமும் அந்துருண்டையும் இந்தத் தட்டின் பக்கமே வரக்கூடாது. கற்பூரத்தைச் சிறிதளவு விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரும்.

மணத்துக்குச் சொல் இல்லை என்பது ஐரோப்பியர்களின் புலம்பல். மலேயத் தீபகற்பத்தின் ஜஹாய் மக்கள் நிறத்தைச் சொல்வதுபோலவே மணத்தையும் எளிதாகப் பெயரிடுகிறார்கள் என்று 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. தமிழிலும் சொற்கள் இருக்கின்றன, பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வதில்லை, அவ்வளவுதான்: கவிச்சி, காறல், கருகல், நெடி, மொச்சை, வீச்சம், மக்கல். சமையலறையில் அந்தந்தச் சமயத்தில் சொல்லிக்கொடுங்கள்.

சுவைக்கு 100 மி.லி. நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இன்னொன்றில் ஒரு சிட்டிகை உப்பு, மற்றதில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, நான்காவதில் வெந்தயம் ஊறிய நீர். ஆளுக்கொரு கரண்டி, நாலு சொட்டு, இடையில் வெறும் நீர். நாக்கின் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்ற பாடப்புத்தகப் படத்தை நம்பி நாக்கில் இடம் தேடாதீர்கள். எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாச் சுவைமொட்டுப் பகுதிகளிலும் தெரியும். அறுசுவையில் காரம் உண்மையில் சூட்டையும் வலியையும் உணரும் நரம்பின் வேலை. துவர்ப்பு பெரும்பாலும் தொடு உணர்வு: பாக்கிலும் வாழைப்பூவிலும் உள்ள பொருள் எச்சிலின் வழுக்கலைப் பறித்துவிடுவதால் நாக்கு வறண்டு இழுக்கிறது. வாழைப்பூ ஆய்ந்த அன்று ஒரு இதழை மெல்லக் கொடுத்து "துவர்ப்பு" என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள், தனிப் பாடம் வேண்டாம்.

எவ்வளவு நாள், எப்போது நிறுத்துவது

அலமாரித் தட்டில் ஒரே நேரத்தில் மூன்று பொருளுக்கு மேல் வைக்காதீர்கள். மூன்று வயதில் சம்படமும் துணிப்பையும் சிவப்பு-மஞ்சள்-நீலமும், மூன்றரையில் டப்பியும் உப்புத்தாளும், நான்கையொட்டி எழுத்து. இது ஒரு கணக்குதான், குழந்தை முந்தும், பிந்தும். ஒரு பொருளைப் பத்து நாள் தொடவே இல்லையென்றால் எடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து வையுங்கள். ஒலி டப்பியில் மூன்று சோடியே இரண்டு மூன்று வாரமாகப் பிரியவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்றால் பயிற்சியைக் கூட்ட வேண்டாம், கேள்திறன் சோதனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். காதுக்குப்பை, நடுக்காதில் நீர் போன்ற எளிதில் தீரும் காரணங்களே பல நேரம் இருக்கும்.

கண்கட்டிக்கொண்டு ஐந்து உப்புத்தாளையும் பிழையின்றி வரிசைப்படுத்தும் பிள்ளைக்கு அட்டைகளால் இனிப் பயனில்லை. காய்கறிச் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். வெண்டைக்காயின் நுனியை மட்டும் உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். முருங்கைக்காயைக் கையில் வளைக்கச் சொல்லுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு தேங்காயை இரு கையிலும் கொடுத்து எது கனம் என்று கேளுங்கள். பிறகு காதருகே ஆட்டி உள்ளே நீர் எவ்வளவு என்று கேட்கட்டும், விரல் கணுவால் தட்டி ஒலியை ஒப்பிடட்டும். அது தேர்ந்தெடுத்த காயை வாங்கி வந்து, அதன் முன்னாலேயே உடையுங்கள்.